பத்தொன்பதாவது ஸ்டிக்கர்

பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் சித்ரகலா, துணியில் குறை இருக்கும் இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவார். அந்தப் பழக்கம் பூங்காவுக்கும் வந்துவிட்டது. ஞாயிறுதோறும் அங்கிருக்கும் செடிகளுக்கும் காளான்களுக்கும் பெயர் கண்டுபிடித்து, எண் எழுதிய ஸ்டிக்கர் ஒன்றைப் பக்கத்தில் ஒட்டி, நோட்டில் குறித்துக்கொள்வார். உடன் வேலை பார்க்கும் பிரபாகர் போட்டோ எடுப்பான்.

இந்த வாரம் சரிபார்த்தபோது பத்தொன்பதை மட்டும் காணவில்லை. நோட்டில் அந்த எண்ணுக்கு நேரே, சித்ரகலாவின் கையெழுத்தில், 'பெயர் தெரியவில்லை' என்றிருந்தது. மூன்று வாரத்துக்கு முந்தைய தேதி.

"நான் எழுதுன ஞாபகமே இல்ல கண்ணு."

"போட்டோவும் இல்லீங்கக்கா."

குப்பைமேனி, தும்பை, நுணா என்று ஒவ்வொன்றாகத் தேடினார்கள். மற்ற ஸ்டிக்கர்கள் எல்லாம் மழையில் வெளிறி, ஓரம் சுருண்டிருந்தன. வேப்பமரத்தடியில் முளைத்திருந்த காளானைப் பார்க்கச் சித்ரகலா குனிந்தார். அவருடைய கொண்டைக்குக் கீழே, பின்கழுத்தில், ஒரு சிவப்பு அம்பு ஒட்டியிருந்ததைப் பின்னால் நின்ற பிரபாகர் பார்த்தான். அதுவும் மழையில் வெளிறி, ஓரம் சுருண்டிருந்தது. அதில் பத்தொன்பது என்று எழுதியிருந்தது.

"கெடைச்சுதா?" என்று குனிந்தபடியே கேட்டார்.

"இல்லீங்கக்கா" என்றான் பிரபாகர்.