ஓட்டிப் பார்க்க ஒரு வண்டி

மழை விட்ட மாலை வெயில், சைக்கிள் கடை வாசலில் வரிசையாக நிற்கும் கைப்பிடிகளில் பட்டுத் தெறிக்கிறது. முப்பது வருடத்துக்குப் பிறகு சைக்கிள் வாங்க வந்திருக்கும் அக்கா, கியர் வண்டியின் விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சூடு பட்டவள் மாதிரி விடுகிறாள். "அது எதுக்கும்மா? உடம்பு பழகுற வரைக்கும் இதுவே தாராளம்," என்று கடைக்காரர் ஒரு பழைய வண்டியை உருட்டி வருகிறார். "மாடிப்படி ஏறினாலே அக்காவுக்கு மூச்சு வாங்குது. நாலே நாள்ல இதுமேல துணி காயும், பாருங்க," என்கிறாள் கூட வந்த தங்கை. அக்காவுக்கும் அதே பயம்தான். இன்று ஓட்டாவிட்டால் இனி என்றைக்கும் ஓட்டப்போவதில்லை. சீட்டில் உட்கார்கிறாள். செயின் எண்ணெய் வாசனை மூக்கில் ஏறுகிறது. ஒரு கால் பெடலில், ஒரு கால் ஈரத் தரையில். வண்டி நகரவில்லை. "என்னக்கா, யாருக்கு வெயிட் பண்றே?" என்று தங்கை சிரிக்கிறாள். அவளைப் பின்னால் உட்காரவைத்துப் பள்ளிக்கூடம் போன நாட்களில் தினமும் கேட்ட கேள்வி, திரும்பிப் பார்க்காமலே அக்காவின் வாயில் வந்துவிடுகிறது. "ஏறிட்டியா?" சிரிப்பு சட்டென்று நிற்கிறது. "ஐயோ வேணாம்மா, டயர் தாங்காது!" என்று கடைக்காரர் பதறுவதற்குள் கேரியர் முனகுகிறது, இரண்டு கைகள் அக்காவின் இடுப்பை இறுக்கிக்கொள்கின்றன. "ஏறிட்டேன். போ."