முதல் ஊசிக் காய்ச்சல்

கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்ட அன்றே அந்த நர்ஸ் காய்ச்சலில் சுருண்டு விழுந்தாள். வார்டில் மற்றவர்களுக்கு வெறும் கைவலியோடு போயிற்று.

"ஊருக்கெல்லாம் ஊசி குத்துறவ, ஒரு ஊசிக்கே படுத்துட்டியே" என்று கேலி செய்தார்கள்.

அப்புறம் ஊழியர்களுக்கு ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி எவ்வளவு என்று சோதித்தார்கள். அவளுக்குத்தான் எல்லாரையும்விட அதிகம்.

"நான்தான் முதல் மார்க்கா டாக்டர்?"

"இது ஊசியால மட்டும் வந்ததில்லம்மா. உனக்கு முன்னாடியே நோய் வந்து போயிருக்கு. அதான் முதல் ஊசிக்கே அவ்வளவு காய்ச்சல்."

"எனக்கா? ஒரு தும்மல்கூட இல்லையே."

"சிலருக்குத் தெரியாமலே வந்து போயிடும். கூட இருக்கவங்களுக்கு ஒட்டிக்கும்."

போன வருடம், வாசல் தாண்டாத அப்பா மூச்சுத் திணறி இறந்த அன்று, அவள் தன் தம்பியை வாசலிலேயே நிறுத்தினாள். "நான் குளிச்சிட்டுத்தான் வீட்டுக்குள்ளயே வர்றேன். நீ தெருவெல்லாம் சுத்திட்டு வந்து அப்பாவைக் கொன்னுட்டியேடா. இனி என் மூஞ்சியில முழிக்காத."

அவன் அப்படியே திரும்பிப் போனான். அன்றோடு பேச்சு அற்றுப்போயிற்று.

மருத்துவமனைப் படிக்கட்டில் உட்கார்ந்து அவனுக்கு போன் செய்தாள். "டேய், அப்பாவுக்கு நோயைக் கொண்டு வந்தது நான்தான்டா."

"தெரியும்க்கா. எனக்கு நோய் இல்லைன்னு அப்பவே டெஸ்ட்ல வந்துடுச்சு."

"பாவி, ஏன்டா சொல்லல?"



"என்மேல கோவம்னா நீ எழுந்து வேலைக்குப் போயிடுவ. உன்மேலயே கோவம்னா என்னக்கா பண்ணியிருப்ப?"