மீதி, டீக்கு அப்புறம்

"அவன் முனகிக்கிட்டுதான் இருந்தான். இருந்தாலும் விட்டுட்டு நடந்தோம்" என்றார் துருவப் பயணி.

ஓட்டல் அரங்கில் நாற்பது முதலாளிகள், ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில், திரையில் வெள்ளை வெளேரென்று பனி. நாலு தடவை துருவத்துக்குப் போய்வந்த மனிதர், இப்போது கம்பெனிக்காரர்களுக்குத் தலைமைப் பாடம் எடுக்கிறார்.

"கூட வந்தவனுக்குக் கால் ஒடிஞ்சுபோச்சு. தூக்கிட்டு நடந்தா நாலு பேரும் காலி. ஒரு கூடாரமும் கொஞ்சம் சாப்பாடும் குடுத்துட்டு, மத்த ரெண்டு பேரைக் காப்பாத்திக் கூட்டிட்டு வந்தேன். தலைவன்னா திரும்பிப் பார்க்கக் கூடாது. அன்னைக்கு அப்படித்தான் நெனச்சேன்."

மூன்றாவது வரிசையில் இருந்த படகு முதலாளி, 'திரும்பிப் பார்க்கக் கூடாது' என்று எழுதி அடியில் கோடு போட்டார். ஐந்து நாளாக அவருடைய மீன்பிடிப் படகு ஒன்றைக் காணோம். அதில் ஆறு பேர். ஒருவர் தங்கையின் கணவர். ஆபீஸ் வாசலிலேயே உட்கார்ந்திருக்கும் தங்கையின் முகத்தில் முழிக்கத் தைரியமில்லாமல்தான் மனிதர் இங்கே ஓடிவந்திருந்தார்.

"மீதி, டீக்கு அப்புறம்" என்று பயணி மேடையிலிருந்து இறங்கினார்.

மற்றவர்கள் பிஸ்கட் தட்டை மொய்த்தார்கள். முதலாளி ஜன்னலோரம் போய் மானேஜருக்குப் போன் போட்டார்.

"தேடப் போன படகுங்க எங்க இருக்கு?"

"கடல்லதான் முதலாளி. காத்து ஏறுது. மூணு படகு, இருபது பேரு. பயந்துக்கிட்டேதான் தேடுறாங்க, ஆனா விடமாட்டேங்கிறாங்க."



"திரும்பச் சொல்லு."

"உள்ள வந்துட்டா அவ்வளவுதான் முதலாளி. புயல் ஓயுற வரைக்கும் துறைமுகத்தை விட்டு வெளிய விடமாட்டாங்க."

"ஆறு பேருக்காக இருபது பேரைக் காவு குடுக்கச் சொல்றியா? திரும்பச் சொல்லுய்யா."

"தங்கச்சி கேட்டா?"

"நான் வந்து சொல்லிக்கிறேன்."

டீக்குப் பிறகு கேள்வி, கைதட்டல் என்று ஒரு மணி நேரம் ஓடியது. 'மூணும் உள்ள வந்தாச்சு. துறைமுகத்தை மூடிட்டாங்க' என்று முதலாளியின் போனில் செய்தி வந்தது. அவருக்குப் பெரிய பாரம் இறங்கியது போலிருந்தது. கஷ்டமான முடிவை எடுக்கத் தன்னாலும் முடிகிறது என்று நினைத்துக்கொண்டார்.

மேடையில் பயணி எல்லா விளக்கையும் போடச் சொன்னார்.

"இதைச் சொல்லத்தான் ஊர் ஊராப் போறேன். அவன் அந்த ராத்திரியைத் தாண்டமாட்டான்னு நான்தான் முடிவு பண்ணேன். முகாம்ல, தேட ஆள் அனுப்பவா, ஆள் அனுப்பவான்னு கேட்டவங்களையும் வேண்டாம்னுட்டேன். ரெண்டு வாரம் கழிச்சு, உடம்பை எடுக்கத்தான் போனோம். பக்கத்துல டைரி கெடந்துச்சு."

பயணி மேடையின் ஓரத்துக்கு வந்தார்.

"பதினோரு நாள் எழுதியிருந்தான், 'இன்னைக்கு வந்துடுவாங்க'ன்னு."