முன்னதாகக் கட்டிய சுவர்

துறைமுகச் சரக்கு அலுவலகத்தில், ஒன்றரை மாதம் தாமதமாக வந்த சர்வர் ரேக், கணினிகளை அடுக்கிய இரும்பு அலமாரி, அறை வாசலில் நிற்கிறது. நாளைக் காலை இது ஓடாவிட்டால் வெளியே ஒரு கண்டெய்னர் லாரியும் நகராது. திட்டப் பொறுப்பாளர் ஜெயஷீலா கதவு நிலையில் டேப்பைப் பிடிக்கிறாள். நாலு விரல் அகலம் குறைகிறது. மறுபடி பிடிக்கிறாள், அதே நாலு விரல். ஒரு பொருள் தாமதமானால், அதற்குப் பின்னால் உள்ள வேலைகளை முன்னே இழுத்து முடிப்பது வழக்கம். அப்படித்தான், ரேக் உள்ளே போன பிறகு கட்ட வேண்டிய, கதவு நிலை வைத்த இந்தச் சுவரை முதலிலேயே கட்டச் சொன்னாள். "ரேக்கு வரட்டும், பெறவு கெட்டலாம்னு சொன்னேம்லா மேடம்?" என்கிறார் கொத்தனார் ரோச். "நீங்கதான் சும்மா இருக்காதீங்க அண்ணாச்சின்னீங்க." டேப் அவள் கையிலிருந்து நழுவிச் சடசடவென்று சுருண்டுகொள்கிறது. புதுச் சுவரில் அவளுடைய அட்டவணை ஒட்டியிருக்கிறது. 'சுவர்' என்ற வரியில் பச்சை டிக், பக்கத்தில் 'பன்னிரண்டு நாள் முன்னதாக'. ரோச் அதைக் கிழியாமல் எடுத்து அவளிடம் நீட்டிவிட்டு, சம்மட்டியைத் தூக்குகிறார்.