மாசிலாமணியின் தேக்குப் பெட்டி

உபதேசியார் சற்குணம் கடைசியாக மாசிலாமணியை உயிரோடு பார்த்தபோது, அவர் தம் சவப்பெட்டிக்குள் மல்லாந்து படுத்து, கால் நீட்ட இடமிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

தென்காசியில் மரக்கடை வைத்திருந்தவர் மாசிலாமணி. பெட்டி முழுத் தேக்கு. பித்தளைக் கைப்பிடி. இழைத்த இழைப்பில் முகம் தெரிந்தது. செய்த குற்றாலிங்கம் ஆசாரி பக்கத்தில் பெருமையாக நின்றான்.

சற்குணத்துக்கு வயிறு எரிந்தது. சபையில் பாதிப் பேர் மலையில் விறகு வெட்டிப் பிழைக்கிறவர்கள். செத்தால் ஓலைப்பாய்தான். போன ஐப்பசியில் சற்குணத்தின் மனைவியையும் பாயில் சுருட்டித்தான் கொண்டுபோனார்கள்.

"அண்ணாச்சி, மண்ணுக்குள்ள போறதுக்கு இம்புட்டுச் சிங்காரமா?"

"நீருதானவே வாராவாரம் சொல்லுதீரு, ஆயுசு காலையில பூத்து அந்தியில வாடுத பூன்னு. சபையில நான் ஒருத்தன்தான் அதக் காதுல வாங்கியிருக்கேன்," என்றார் மாசிலாமணி, படுத்தபடியே.

ஆசாரி சிரித்துவிட்டான். சற்குணம் விறுவிறுவென்று வெளியேறினார்.

அந்த வாரமே சாரல் கட்டியது. மாசிலாமணி குற்றாலம் போய் ஆசைதீரக் குளித்தார். வீடு வந்து மீன் குழம்பை மறுபடியும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். படுத்தவர் எழுந்திருக்கவில்லை. இப்படி ஒரு சாவு யாருக்குக் கிடைக்கும் என்று துக்கத்துக்கு வந்தவர்களே பொறாமைப்பட்டார்கள்.

போதகர் ஊரில் இல்லை. அடக்கப் பிரசங்கம் சற்குணத்தின் தலையில் விழுந்தது. பணக்கார வீம்பைப் பற்றி நாலு வார்த்தை சொல்லாமல் விடுவதில்லை என்ற முடிவோடுதான் கிளம்பினார். மரக்கடைக் குடும்பத்தைப் பகைத்தால் உபதேசியார் வேலை நிலைக்காது. போனால் போகட்டும்.

கல்லறைத் தோட்டத்தில், குழியோரம் பெட்டியை வைத்தார்கள். சற்குணம் தொண்டையைச் செருமினார்.

"கொஞ்சம் பொறுக்கணும்யா," என்று ஆசாரி முன்னால் வந்தான். பெட்டியின் பக்கப் பலகையைப் பிடித்து இழுத்தான். ஆணியில்லாமல் காடிப் பள்ளத்தில் செருகியிருந்த பலகை வழுக்கிக்கொண்டு வந்தது. உள்ளே மாசிலாமணி ஓலைப்பாயில் சுற்றப்பட்டுக் கிடந்தார். நாலு பேர் அவரைப் பாயோடு தூக்கிக் குழியில் இறக்கினார்கள். பெட்டி மேலேயே நின்றது.

"என்ன ஆசாரி இது?" என்றார் சற்குணம்.

"அவுக உத்தரவுய்யா. இது சபைக்குப் பொதுப் பெட்டி. இனி யாரு போனாலும் தோட்டம் வரைக்கும் இதுலதான் வரணுமாம். சரியா இருக்கான்னு மொத ஆளா நானே போய்ப் பாத்துருதேன்னு சொன்னாக."

"இத ஏன் ஒருத்தர்கிட்டயும் சொல்லல?"

"சொல்ல விடலய்யா. தெரிஞ்சா நம்ம உபதேசியாரு கோயில்ல வச்சுப் புகழ்ந்து தள்ளிருவாருன்னு அவுகளுக்கு ஒரே பயம்."

அன்றைக்குப் பிரசங்கம் இல்லை. பாட்டும் ஜெபமும்தான்.

அந்தப் பெட்டி இன்னும் கோயில் பின்னறையில் இருக்கிறது. சற்குணம் போனதும் அதில்தான்.