ஐந்து இலைகள்

ஞானப்பிரகாசத்தின் புதிய ஹைப்ரிட் காரில் ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரு சின்னத் திரை இருந்தது. ஆக்சிலரேட்டரைக் காலால் மெதுவாக அழுத்தி ஓட்டினால் அதில் பச்சை இலைகள் ஒவ்வொன்றாகத் துளிர்க்கும். ஐந்தும் துளிர்த்துவிட்டால் பெட்ரோல் எஞ்சின் தூங்கிப்போய், கார் பேட்டரியிலேயே சத்தமில்லாமல் போகும். கோபம் வந்தால் அவருக்குக் கால் கனத்துவிடும், இலை உதிரும். அதனால் வீட்டில் எதற்கெடுத்தாலும் எகிறுகிறவர், காரில் மட்டும் பரம சாதுவானார். இதைக் கண்டுகொண்ட மனைவி ஜெசிந்தா, வில்லங்கமான சேதிகளையெல்லாம் காருக்கென்று சேர்த்துவைத்தாள். பீங்கான் செட் உடைந்ததை மேம்பாலத்தில் சொன்னாள். அவருடைய அக்காவோடு சண்டை போட்டதை, சிக்னலுக்கு வெகு முன்பே அவர் காலை எடுத்து, கார் உருளும் வேகத்திலேயே பேட்டரியை நிரப்பிக்கொண்டிருந்தபோது சொன்னாள். "சரிம்மா, விடு" என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு, இலைகளைப் பார்த்தபடி.

ஞாயிறு பூசை முடிந்து திரும்பும்போது, "உங்களுக்குத் தெரியாம டிரைவிங் கத்துக்கிட்டேங்க. லைசென்சும் வந்தாச்சு" என்றாள். இரண்டு இலைகள் உதிர்ந்தன. அவர் காரை ஓரங்கட்டி, இறங்கி, அவளை ஓட்டச் சொல்லி இடம் மாறி உட்கார்ந்தார்.

ஜெசிந்தாவுக்குப் பூப்போன்ற கால். கொஞ்ச தூரத்திலேயே ஐந்தும் துளிர்த்துவிட்டன. "பாத்தீங்களா!" என்று பூரித்தாள். அவர் தன் கால்களைக் குனிந்து பார்த்தார். மிதிக்க அங்கே ஒன்றுமில்லை. ஜம்மென்று நீட்டிக்கொண்டார்.

"ஜெசி," என்றார் கனிவாக, "உங்கம்மா குடுத்த கிளி போன வருஷம் பறந்துபோச்சில்ல? அது தானா பறக்கலம்மா."

தூங்கிக்கொண்டிருந்த எஞ்சின் உறுமிக்கொண்டு எழுந்தது.