குதிரை பூட்டிய கார்

அது ரேடியோ புதுசாக வந்த காலத்து அமெரிக்கா. "எனக்கு ஓட்டுப் போட்டால் வீட்டுக்கு வீடு கார் ஓடும்!" என்று ஒரு தலைவர் ரேடியோவில் முழங்க, குதிரை பெஸ்ஸியின் எஜமானரும் ஓட்டைப் போட்டுவிட்டு ஜோராக ஒரு கார் வாங்கினார்.

"ஓரம் போ, கிழவி!" என்று கார் தினமும் ஹாரன் அடித்து விரட்டியது. பெஸ்ஸிக்குப் பற்றிக்கொண்டு வந்தாலும் புல்லை மென்றபடி பொறுத்துக்கொண்டது.

திடீரென்று நாடே திவாலானது. பெட்ரோலுக்கு வழியில்லாத எஜமானர், எஞ்சினைக் கழற்றி விற்றுவிட்டுக் காருக்கு முன்னால் பெஸ்ஸியைப் பூட்டினார்.

"வீட்டுக்கு வீடு கார் ஓடும்னு சொன்னாரே!" என்று கார் அழுதது.

"ஓடுதே! யார் இழுக்கணும்னு சொன்னாரா?" என்றது பெஸ்ஸி. "அதோ, மறுபடி ஓட்டுக் கேட்டு நடுரோட்டில நிக்கிறாரு. சும்மாதானே வர்றே? ஹாரனையாவது அடி!"